கீழிருந்து எழும் மெட்டு

ஆகஸ்ட் 4

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் உன் அத்தையும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி, எனக்கு அந்த வலியைப் பற்றி நாள் முழுக்கக் கேட்கிற வலி. மற்றபடி குறை ஒன்றுமில்லை. நீயும் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள்? ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை அதிகமா?

விஷயத்துக்கு வருகிறேன். ஆலயப் பாடகர் குழுவின் அங்கிகளை இப்போதே தையல் கடையில் வெட்ட ஆரம்பித்துவிட்டேன். துணி கொடுக்க வந்த குழு மாஸ்டர் போகாமல் நின்றார். "ரெண்டு வருஷமா பழைய பாட்டையே பாடி ஓட்டிட்டோம். இந்தக் கிறிஸ்துமஸுக்காவது புதுசா ஒண்ணு குடுங்க" என்றார். பாட்டு இருக்கிறது என்றேன். "மெட்டு?" என்றார். "மருமக போடுவா" என்று சொல்லிவிட்டேன். அவர் பையிலிருந்து பேனா எடுத்துக் குறித்துக்கொண்டார். ஆகவே நீ ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று.

என் மகன் இருந்தவரை வருஷத்துக்கு ஒரு பாட்டு. நான் எழுதுவேன், அவன் கிட்டாரை மடியில் வைத்து மெட்டுப் போடுவான், முதலில் பாடிப் பார்ப்பது அத்தை. அந்தக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோன பிறகு, எழுதினதையெல்லாம் மடித்து உள்ளே வைத்துவிட்டேன். மடித்தது போதும் என்று தோன்றுகிறது. முதல் சரணத்தை இங்கே எழுதுகிறேன்.

விழித்திருந்த மேய்ப்பருக்கே
விடியல் முதலில் தெரிந்தது;
உறங்கிக் கிடந்த ஊருக்கு நடுவே
உலகின் வெளிச்சம் பிறந்தது.

மீதி தனித்தாளில். பேத்திக்கு என் முத்தம்.

உன் மாமா


ஆகஸ்ட் 21

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் பேத்தி வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. 'ச' வருகிற சொற்களையெல்லாம் ஊதுகிறாள். அத்தை, வெந்நீர்ப் பையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எங்களுக்கு ஏற்கெனவே கிறிஸ்துமஸ். டிசம்பரில் கேசட் கடைக்குப் போக வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே பாடி முடிக்க வேண்டும். மின்விசிறி ஓடினால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும் என்று நிறுத்திவிடுவார்கள். சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. செருப்புச் சத்தம் கேட்காமலிருக்க எல்லோரும் காலுறையோடு நின்று, வியர்த்து வழிய, பனியைப் பற்றியும் குளிரைப் பற்றியும் பாடுகிறோம். நேற்று ஒரு பாடகி பல்லவியின் நடுவே நிறுத்தி, "இதுல குளிர் எங்கிருந்துங்க வரும்?" என்று கேட்டுவிட்டார்.

பள்ளி விட்டதும் வாலு இங்கேதான் வருகிறாள். பேஸ் கிட்டாரில் அடிச்சுரங்கள் வாசிப்பவர் அவள் காதில் ஹெட்போனை மாட்டி ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார். வாசிக்கும்போது அசையாமல் நிற்பதால் இங்கே அவருக்குத் தூண் என்று பெயர். வாலுவுக்கு அவர் 'டும் மாமா'.

பாட்டைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் மாமா, நான் வாசிக்கிறவள். எதிரே வைத்ததை வாசிப்பேன், கோரஸ் பாடுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். மெட்டுப் போடுவது உங்கள் மகனின் வேலையாக இருந்தது. எனக்கு வராது. உங்களுக்காக முயன்று பார்க்கிறேன், ஆனால் மாஸ்டரிடம் உறுதியாகச் சொல்லிவிட வேண்டாம்.

அன்புடன்,
மருமகள்


செப்டம்பர் 5

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. மழை வருவேன் வருவேன் என்று மிரட்டிக்கொண்டிருக்கிறது.

வராது என்று எழுதியிருக்கிறாய். முதன்முதலில் ஒருவர் கோட்டுத் துணியைக் கொண்டுவந்து நீட்டியபோது எனக்கும் வராது என்றுதான் பட்டது. ஆனாலும் கை நீட்டி வாங்கி வைத்துவிட்டேன். வாங்கின பிறகு தைத்துத்தானே ஆகவேண்டும்? மாஸ்டரிடம் உறுதியாகச் சொல்லியாயிற்று. நவம்பரில் பயிற்சி தொடங்கும். அவசரமில்லை, அதற்குள் அனுப்பினால் போதும்.

அத்தை பயிற்சிக்கு வருவதை நிறுத்தி வருஷம் இரண்டாகப் போகிறது. பெண்களில் தணிந்த குரல்காரிகளின் ஆல்டோ வரிசையே அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் முழங்கால் என்கிறாள். முழங்காலால் யாரும் பாடுவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குத் தேநீர் கிடைக்கவில்லை.

டும் மாமாவுக்கு என் விசாரிப்பைச் சொல்லு. குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் நமக்கு வேண்டியவர்தான்.

உன் மாமா

கீழே அத்தை எழுதுவது: குழந்தைக்கு விழுந்த பல்லை எடுத்து வைத்தாயா? கிறிஸ்துமஸுக்குச் சீக்கிரமே கூட்டிக்கொண்டு வா.


செப்டம்பர் 27

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம்தானே? இங்கே வாலுவுக்கு இரண்டு நாள் இருமல் இருந்து சரியாகிவிட்டது.

இத்துடன் கேசட் வைத்திருக்கிறேன். மெட்டு அமைந்துவிட்டது. கீபோர்டு வாசித்திருப்பதும் பாடியிருப்பதும் நான்தான். அடிக்குரல்காரர்களுக்கான வரியைத் தனியாக ஒருமுறை வாசித்து, கடைசியில் பதிவு செய்திருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மூன்றாவது வரி நீளமாக இருக்கிறது. 'ஊருக்கு நடுவே' என்ற இடத்தில் பாடுகிறவர்கள் ஓடவேண்டியிருக்கும். உறங்குகிற ஊரில் யாரும் ஓடக்கூடாது, இல்லையா? கொஞ்சம் பிடித்துத் தைத்துக் கொடுங்கள்.

நேரமாகிறது, கூடத்தில் கூப்பிடுகிறார்கள். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
மருமகள்


அக்டோபர் 9

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் நலம். கேசட் வந்த அன்று கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டுக் கேட்டேன். பிறகு முழுவதும் திறந்து வைத்துக் கேட்டேன்.

என்னத்தைச் சொல்ல, பாட்டு என்னுடையது என்பதே எனக்கு மறந்துபோயிற்று. மாஸ்டரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் அடிக்குரல் பாடுகிற பஸ் டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டிரைவர் கண்ணை மூடிக் கேட்டு முடித்து, "இத்தனை வருஷமா எல்லாரும் பாடுவாங்க, நாங்க கீழ நின்னு 'ம்ம்' போடுவோம். இப்பத்தான் எங்களுக்குச் சொல்றதுக்கு ஏதோ குடுத்திருக்காங்க" என்றார். அன்று முழுவதும் பஸ்ஸில் பாடியிருப்பார் என்று நினைக்கிறேன். மூன்றாவது வரியைப் பிடித்துவிட்டேன்: 'உறங்கும் ஊரின் நடுவிலே'. சரியாக உட்கார்கிறதா பார்.

இனி ஒரு கேள்வி. சட்டையைத் திருப்பிப் பார்த்தால் எந்தக் கை வெட்டியது என்று தையற்காரனுக்குத் தெரியும். என் மகனுடைய மெட்டு பட்டம் மாதிரி, மேலே போய் நின்றுகொண்டு நம்மை இழுக்கும். உன் இடது கையை எனக்குத் தெரியும்; அதற்கு எப்போதும் கொஞ்சம் அவசரம். இந்த மெட்டு கீழிருந்து எழுகிறது. முதலில் தரை போட்டுவிட்டு, அதன்மேல் பாட்டை நடக்க விட்டிருக்கிறது. நீயும் 'மெட்டு அமைந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறாயே தவிர, போட்டேன் என்று எழுதவில்லை.

விழாத் தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பாடல் என்ற இடத்தில் என் பெயர். இசை என்ற இடத்தில் யார் பெயர்?

உன் மாமா


அக்டோபர் 28

அன்பு மருமகளுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தாமதமா, குழந்தைக்கு மறுபடியும் இருமலா என்று அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இங்கே நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம்.

கேசட்டைத் தினமும் கடையில் போடுகிறேன். துணி வெட்டும் கை தானாகவே அந்தத் தாளத்துக்குப் போகிறது. நேற்று ஒரு கைப்பகுதி கொஞ்சம் நீண்டுவிட்டது. அந்தப் பழி உன் பாட்டுக்குத்தான்.

நான் கேட்டது உனக்குக் கஷ்டமாக இருந்தால் கேட்டதாகவே நினைக்க வேண்டாம். பெயர் வருகிற இடத்தை அச்சகத்தில் காலியாக விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். காலியிடம் காத்திருக்கும். ஆனால் நலமாக இருக்கிறோம் என்று ஒரு வரியாவது எழுது.

உன் மாமா


நவம்பர் 6

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நாங்கள் நலம். குழந்தைக்கு ஒன்றுமில்லை. பதில் எழுத நான்கைந்து தடவை உட்கார்ந்தேன், ஒவ்வொரு தடவையும் நலம் விசாரிப்போடு நின்றுவிட்டது. இன்று முழுவதும் எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

மாமா, நீங்கள் கேட்டது சரி. மெட்டைப் போட்டவர் தூண், வாலுவின் டும் மாமா. பாதி நான், பாதி அவர் என்று சொல்லலாம், ஆனால் தரை அவருடையது.

நான் ஒரு மாதம் தனியாக முயன்றேன். எந்த வரியைத் தொட்டாலும் உங்கள் மகனின் மெட்டாகவே வந்தது. புதிதாக ஏதோ பாடுகிறேன் என்று போய்க்கொண்டே இருப்பேன். கடைசியில் பார்த்தால் அவருடைய பழைய பாட்டு ஒன்றின் வாசலில் நிற்பேன். ஒருநாள் எல்லோரும் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். தூண் மட்டும் தந்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாட்டுங்க அது?"

"எங்க மாமா எழுதினது. எனக்குத்தான் வர மாட்டேங்குது."

"பாடாதீங்க. சும்மா படிங்க. பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேசற மாதிரி."

படித்தேன். அவர் கீழே ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தார். அதை மாற்றாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். அதன்மேல் நின்று நான் பேசப் பேச, பேச்சு எங்கேயோ பாட்டாகிவிட்டது. மற்றவர்கள் திரும்பி வந்தபோது முதல் சரணம் முடிந்திருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் என்னைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார். ஜூலையிலேயே கேட்டார். யோசிக்க வேண்டும் என்றேன். "யோசிங்க. நான் எங்கயும் போகல" என்றார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நினைவுபடுத்தவில்லை. பாட்டு முடிந்த அன்று நானே போய், "சரி" என்றேன். அவர் மெட்டைச் சொல்கிறேன் என்று நினைத்து, "அப்ப ரெக்கார்ட் பண்ணிடலாம்" என்றார். மறுபடியும் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் அனுமதி கேட்டு எழுதவில்லை, மாமா. முடிவு செய்துவிட்டேன். ஆனால் உங்கள் இருவருக்கும் தெரியாமல் என் வாழ்க்கையில் எதுவும் நடக்கக்கூடாது என்பதும் என் முடிவுதான். உங்கள் மகனோடு நான் வாழ்ந்தது என்னிடம் அப்படியே இருக்கிறது. அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு இவரை உள்ளே அழைக்கவில்லை.

பெயரை அச்சிடுவதும் காலியாக விடுவதும் உங்கள் விருப்பம். அவர் கேட்க மாட்டார்.

அன்புடன்,
மருமகள்


நவம்பர் 14

மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். குழந்தைக்கு இருமல் இல்லை என்று தெரிந்ததில் நிம்மதி.

உன் மாமா உன் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டுக் கடைக்குப் போனார். அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

உனக்கு வயது இருக்கிறது. நீ கடைசிவரை தனியாகவே இருக்க வேண்டும் என்று நான் நினைத்தவளில்லை. யாராவது அப்படிச் சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போகிறவள் நான்தான். உன் கல்யாணத்தைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் பாட்டு வேறு. என் பிள்ளை செய்துவந்த வேலை அது. அந்த வேலையில் இன்னொருவர் பெயரைத் தாளில் பார்க்க எனக்கு முடியாது. இந்த வருஷமும் பழைய பாட்டையே பாடட்டும் என்று மாஸ்டரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். உன் மாமா சொன்ன மாதிரி தெரியவில்லை. அவர் சொல்லாவிட்டால் நான் போய்ச் சொல்வேன்.

குழந்தையை என்னிடம் விட்டுவிடு. புது வீடு, புது மனிதர், நாளைக்குத் தம்பியோ தங்கையோ வரும். என் பிள்ளையின் முகத்தில் மீதி இருப்பது அவள் முகத்தில்தான் இருக்கிறது. அதையும் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தால், நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அத்தை


நவம்பர் 21

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தைக் கண்டதும் முதலில் வந்தது சந்தோஷம்தான். மாமாவின் மௌனத்தைவிட உங்கள் கோபம் எனக்குப் பழக்கமானது. அதோடு என்னால் பேச முடியும்.

வாலுவை விட்டுத் தர மாட்டேன், அத்தை. அவளை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போகவும் மாட்டேன். விடுமுறை முழுவதும் உங்கள் வீட்டில்தான் இருப்பாள். இதை அவரிடம் ஒரு நிபந்தனையாகச் சொல்லலாம் என்று போனேன். "பாட்டி வீட்டுக்குப் போறதுன்னா என்கிட்டக் கேக்க வேணாம், டிக்கெட் எடுக்கச் சொன்னாப் போதும்" என்றார். நிபந்தனையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மகன் வாசித்த கேசட்டுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அவர் போன பிறகு ஒன்றைக்கூட என்னால் போட முடியவில்லை. வாலுவுக்கு அப்பாவின் குரலே மறந்துகொண்டிருந்தது. போன வருஷம் அவள் டும் மாமாவிடம் போய், "எங்கப்பாவும் வாசிப்பாரு" என்று சொல்லியிருக்கிறாள். அவர் என்னிடம் வந்து கேசட்டைக் கேட்டு வாங்கினார். இப்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது ஹெட்போனை அவள் காதில் மாட்டி, "இது உங்கப்பா. இந்த இடத்துல பாரு, எப்படிச் சுத்தி வந்து வீடு சேர்றார்னு" என்று காட்டுகிறார். பாராட்ட வேண்டிய இடத்தில் ஒரு வாத்தியக்காரர் இன்னொருவரைப் பாராட்டுவது மாதிரிதான் பேசுகிறார். அவர் உங்கள் மகனை மறைக்கிற ஆள் இல்லை, அத்தை.

பாட்டை நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை முழுவதும் கேட்டுவிடுங்கள். இது மட்டும்தான் நான் கேட்பது.

கிறிஸ்துமஸுக்கு நானும் வாலுவும் கட்டாயம் வருவோம். நீங்கள் அழைத்தால் அவரும் வருவார். அழைக்காவிட்டால் வர மாட்டார், அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டார். மழையில் காலை நனைய விடாதீர்கள்.

உங்கள்
மருமகள்


டிசம்பர் 2

அன்பு மருமகளுக்கு,

இங்கே சுகம். ரொம்ப நாளைக்குப் பிறகு சுகம் என்ற சொல்லை யோசிக்காமல் எழுதுகிறேன்.

நான் பேசாமலிருந்ததைக் கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அது வந்த வேகம்தான் என்னைப் பயமுறுத்தியது. பிள்ளையைப் பெற்றவன் இவ்வளவு சீக்கிரம் சந்தோஷப்படலாமா என்று கத்தரிக்கோலிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அது வெட்டுவதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

நடந்ததைக் கேள். நான் மாஸ்டரிடம் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததும், வெள்ளிக்கிழமை உன் அத்தை தானே கிளம்பினாள். நான் குடையோடு பின்னால் போனேன். ஆலயத்துக்குள் போனால் நம் பாட்டுத்தான் நடந்துகொண்டிருந்தது. பாதியில் போய் நிறுத்துவது நன்றாக இருக்காது என்று கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அடிக்குரல்காரர்கள் மூன்றாவது வரியில் இடறினார்கள். மாஸ்டர் திரும்பப் பாடச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் இடறினார்கள். டிரைவர், "இதுல ஏறணுமா, இறங்கணுமா?" என்று கேட்டார். மாஸ்டர் தாளைப் புரட்டினார். அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"இறங்கணும். 'நடுவிலே'ல இறங்கி அங்கயே நிக்கணும். அடுத்த வரியை மத்தவங்க எடுப்பாங்க, நீங்க நகரவே கூடாது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் உன் அத்தை. மாஸ்டர் மெதுவாக, "ஒரு தடவை பாடிக் காட்டுங்களேன்" என்றார். பாடிக் காட்டினாள். ஆல்டோக்காரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வரிசையில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு நகர்ந்தார்கள். அவளும் எழுந்து போய் நின்றுவிட்டாள். கடையில் நான் தினமும் போட்ட கேசட் சுவரைத் தாண்டி அடுப்பங்கரைக்குப் போயிருக்கிறது. இவள் 'சத்தத்தைக் குறைங்க' என்று ஒருநாள்கூடச் சொல்லாதது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் அவள் முன்னால் நடந்தாள், நான் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். பிறகு, "அந்த ஆளு நம்ம பிள்ளை வாசிச்சதைக் குழந்தைக்குப் போட்டுக் காட்டறாராம்" என்றாள்.

"ஆமா."

"எந்தப் பாட்டாம்?"

"எனக்கெப்படித் தெரியும்? உனக்குத்தானே எழுதியிருக்கா."

வாசலில் குடையை மடக்கும்போதுதான் சொன்னாள். "வரச் சொல்லுங்க. ஆனா நான் பேச மாட்டேன்."

ஆகவே, இரண்டு காரியம். ஒன்று, அவருடைய பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதி உடனே அனுப்பு. அச்சகத்துக்காரர் காலியிடத்தைக் காட்டிக் காட்டி என்னைத் திட்டுகிறார். இரண்டு, தோள், நெஞ்சு, கை நீளம். மீதித் துணி இருக்கிறது, அங்கி ஒன்று தேறும்.

உன் மாமா


டிசம்பர் 10

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நலம். உங்கள் கடிதத்தைக் கூடத்தில் நின்றபடியே படித்தேன். அடுத்த பாட்டில் என் இடது கை வழக்கத்தைவிட அதிகமாக அவசரப்பட்டது. இரண்டு தடவை நிறுத்தித் திரும்ப வாசித்தார்கள்.

பெயரும் அளவும் தனித்தாளில். பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அளவெடுக்கும்போது தூண் தூணாகவே நின்றார், மூச்சுவிடச் சொல்ல வேண்டியிருந்தது. அத்தை பேச மாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "பரவால்லைங்க, நானும் பேசற ஆள் இல்லையே" என்றார்.

மூவரும் வருகிறோம்.

அன்புடன்,
மருமகள்


ஜனவரி 6

தம்பிக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் என் மருமகளும் பேத்தியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்து மகிழ்ச்சி. இந்தக் கடிதம் உங்களுக்கு. அவளுக்குப் படிக்கக் கொடுப்பதானால் கொடுங்கள்.

பேச மாட்டேன் என்று சொன்னேன், அதன்படியே இருந்தேன். நீங்கள் இங்கே இருந்த நாட்களில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டதும், நீங்கள் 'ஆச்சுங்க' என்றதும்தான் நம் பேச்சு. அதனால் மீதியை எழுதுகிறேன்.

ஆலயத்தில் ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி கிடக்கிறது. என் பிள்ளை உட்கார்ந்து வாசித்தது. யாரும் அதை எடுக்கச் சொல்லவும் இல்லை, அதில் உட்காரவும் இல்லை. குழுவில் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். கிறிஸ்துமஸ் காலையில் மாஸ்டர் உங்களுக்கு அதைக் காட்டினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நீங்கள் அதன் கையைத் தொட்டு, "இது யாரோடதுங்க?" என்று கேட்டீர்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் மறுபடியும் கேட்காமல், உள்ளேயிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிவந்து ஆல்டோ வரிசைக்குப் பின்னால் சுவரோரம் போட்டுக்கொண்டீர்கள்.

அங்கே உட்கார்ந்தால் மாஸ்டரின் கை தெரியாது. எனக்குத் தெரியும், நாங்கள் மறைத்துக்கொண்டு நிற்கிறோமே. எதைப் பார்த்து வாசிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பாட்டு தொடங்கிய பிறகுதான் புரிந்தது. என் தோளைப் பார்த்து வாசித்தீர்கள். நான் மூச்சை இழுக்கும் போதெல்லாம் உங்கள் சுரம் பின்னாலிருந்து சரியாக வந்தது. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

கடைசிச் சரணத்தில் எனக்குக் குரல் நின்றுவிட்டது. அழுகையில்லை, நின்றுவிட்டது, அவ்வளவுதான். மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் அந்த ஒரு சுரத்திலேயே இருந்தீர்கள். நான் வந்து சேரும்வரை இருந்தீர்கள். மாஸ்டர் பிறகு, 'அந்த இடம் கொஞ்சம் நீண்டுபோச்சு' என்றார். அப்படித்தான் மெட்டு என்று நான் சொல்லிவிட்டேன்.

ஏப்ரலில் கல்யாணம் வைத்தால் வெயிலாக இருந்தாலும் விடுமுறை இருக்கும், குழந்தை நிறைய நாள் தங்கலாம். மாமா இப்போதே பாட்டு எழுதத் தொடங்கிவிட்டார். மெட்டுக்கு உங்களிடம்தான் வருவார், தயாராக இருங்கள். இந்தத் தடவை ஆல்டோவுக்கும் ஏதாவது நல்லதாகப் போடுங்கள். அடிக்குரல்காரர்களை நீங்கள் கெடுத்து வைத்திருக்கிறீர்கள். டிரைவர் யாரையும் பேச விடுவதில்லை.

நேற்று ஆலயத்தைச் சுத்தம் செய்தோம். அந்த நாற்காலியை நான்தான் துடைத்தேன். ஒரு கால் ஆடுகிறது. மாமாவிடம் சொல்லி ஆணி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை வந்தால் அதில் உட்கார். முக்காலியில் முதுகு வலிக்கும். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும், அங்கிருந்து பார்த்தால் மாஸ்டர் கையும் தெரியும்.

என்னை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல், இருந்த நாளெல்லாம் 'இங்க பாருங்க', 'ஏங்க' என்று ஓட்டிவிட்டாய். நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். இனி அந்தச் சிரமம் வேண்டாம்.

உன்
அத்தை